முக்கோணம் இருந்தால் மட்டும் போதாது

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் சுற்றியுள்ள தோட்ட வீடுகளில் பலர், டப்பாவின் அடியில் மூன்று அம்பு முக்கோணம் தெரிந்தால் யோசிக்காமல் மறுசுழற்சிப் பையில் போட்டுவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். உள்ளே இருக்கும் எண், அது என்ன வகைப் பிளாஸ்டிக் என்று மட்டும் சொல்லும். 1988-இல் அமெரிக்காவின் பிளாஸ்டிக் தொழில் சங்கம் தரம் பிரிப்பவர்களுக்காகக் கொண்டுவந்த எண் அது. நம் ஊரில் அதை யாராவது வாங்குவார்களா என்பது வேறு கணக்கு.

எண் 1 தண்ணீர் போத்தலில் இருக்கும், எண் 2 ஷாம்பு போத்தலில். இரண்டுக்கும் கிராக்கி உண்டு. 5 போட்ட தாப்பாவ் டப்பாவை (கடைச் சாப்பாடு கட்டித் தரும் டப்பா) கழுவி வைத்து, பழைய சாமான் கடையில் கேட்டுப் பாருங்கள். 6 போட்ட வெள்ளை நுரைப்பெட்டியில் பாதிக்கு மேல் காற்று. எடைக்கு என்ன தேறும்? அதிலும் சம்பால் ஒட்டியிருந்தால் பையில் உள்ள மற்றதும் வீண்.

இறக்குமதி பிஸ்கட் டப்பாவில் இரண்டு அம்புகள் பின்னிய வட்டம் இருக்கும். அது ஜெர்மனியில் 1991-இல் வந்த குறி. பொட்டலக் கழிவைச் சேகரிக்கும் செலவுக்குக் கம்பெனி பணம் கட்டியிருக்கிறது என்பதே அதன் பொருள். இங்கே அதனால் நமக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. கிண்ணமும் முள்கரண்டியும் போட்ட குறி உணவு வைக்கலாம் என்பதற்கு. மறுசுழற்சிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

நெகிரி செம்பிலானில் 2015 செப்டம்பர் 1 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும். மறுசுழற்சித் தொட்டிகளில் நீலம் காகிதத்துக்கு, ஆரஞ்சு பிளாஸ்டிக்குக்கும் தகரத்துக்கும், பழுப்பு கண்ணாடிக்கு. பழரசப் பெட்டி அட்டை மாதிரி தெரிந்தாலும் பழைய பேப்பர் கட்டோடு சேர்க்காதீர்கள். ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள்: அட்டை, பிளாஸ்டிக், பெரும்பாலும் நடுவில் பளபளவென்று அலுமினியமும் ஒட்டியிருக்கும்.

தோட்டத்தில் இதைவிட ஆபத்தான குழப்பம் ஒன்று உண்டு. புல்மருந்து (களைக்கொல்லி) வரும் கெட்டிப் போத்தலின் அடியைத் திருப்பினால் பல சமயம் அதே 2. ஷாம்பு போத்தல் மாதிரிதானே, நன்றாக அலசினால் தண்ணீர் பிடித்து வைக்கலாம் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. மருந்து பிளாஸ்டிக்கில் ஊறியிருக்கும், எத்தனை முறை அலசினாலும் முழுதாகப் போகாது. அந்த எண்ணுக்கு உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது. மருந்து அடிக்கிறவர்கள் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை மருந்துத் தொட்டியிலேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டு, தோட்டத்து ஸ்டோரில் திருப்பிக் கொடுக்கட்டும். வீட்டுப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

அப்புறம், மிஞ்சியதை வீட்டுக்குப் பின்னால் கொளுத்தும் பழக்கம். 3 போட்டது பிவிசி. எரித்தால் கிளம்பும் ஹைட்ரஜன் குளோரைடு புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும். டையாக்சின் நஞ்சும் உண்டாகும். வாங்க ஆள் இல்லாவிட்டால் சாதாரணக் குப்பையில் போட்டுவிடுங்கள், லோரி எடுத்துப்போகட்டும்.