பழைய பைக் வாங்கப் போகிறவருக்கு: ஆர்சி, சேசிஸ், அப்புறம்தான் என்ஜின்

யமஹா ஆர்எக்ஸ் 100, எஸ்டி (Yezdi) ரோட்கிங், வலது பக்கக் கியர் போட்ட பழைய புல்லட், ஸ்பிளெண்டர். இந்த நாலும் வெவ்வேறு காலத்தில் என் வீட்டு வாசலில் நின்றவை. புல்லட்டும் ஸ்பிளெண்டரும் இன்னும் நிற்கின்றன. கோவையில் பம்ப் கம்பெனியில் வேலை என்பதால் லேத், போரிங் என்று பேச்சு நடக்கிற இடத்திலேயே என் பொழுது போகிறது. அதனால் பழைய வண்டி பார்க்கக் கிளம்புகிற நண்பர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள்.

போனதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம், கிக்கரை உதைத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கிச் சத்தம் கேட்பது. நான் அதைக் கடைசியில்தான் செய்வேன். என்ஜின் எவ்வளவு கெட்டிருந்தாலும் காசு செலவழித்தால் சரியாகிவிடும். தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து போர் போடலாம், கிராங்க் மாற்றலாம். பேப்பர் கெட்ட வண்டியை எந்த மெக்கானிக்காலும் சரிசெய்ய முடியாது. சேசிஸ், அதாவது வண்டியின் ஃபிரேம், வளைந்த வண்டியும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

எந்த வண்டி என்பதை வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஆர்எக்ஸ் 100 நம் ஊரில் 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோனது. 98 சிசி, 11 குதிரைச் சக்தி, எடை நூறு கிலோவை ஒட்டி. டவுனுக்குள் சிக்னலில் கிளம்பும்போது கிடைக்கிற பிக்கப்புக்கு இன்றைக்கும் ஈடில்லை. ஆனால் பைபாஸில் லாரி ஓரமாகப் போகும்போது அந்த டிரம் பிரேக்கை நம்பி வேகம் பிடிக்க எனக்கு மனசு வராது. மைலேஜும் என் கையில் நாற்பதைத் தாண்டியதில்லை. நல்ல வண்டிக்கு லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். வேலைக்குப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்பவர் அந்தக் காசில் பாதிக்கு ஒரு நல்ல ஸ்பிளெண்டர் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். ஸ்பிளெண்டரைப் பற்றிப் பேச அதிகமில்லை. அதுதான் அதன் பெருமை.

மைசூரில் செய்த எஸ்டி தனி ரகம். ஒரே சிலிண்டர், இரண்டு சைலன்சர். கிக்கராக உதைத்த அதே லீவரை முன்னால் தள்ளி மடக்கினால் அது கியர் லீவராகிவிடும். பெட்ரோலிலேயே 2டி ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி என்பதால் மலை இறங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஆக்ஸிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தால் பெட்ரோல் உள்ளே போகாது, அதோடு சேர்ந்து ஆயிலும் போகாது. பிஸ்டன் காய்ந்து பிடித்துக்கொள்ளும். இரண்டு வளைவுக்கு ஒரு தரம் லேசாக முறுக்கி விட்டுக்கொண்டே இறங்க வேண்டும். ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க், தனி பம்ப். அந்தத் தொல்லை அவ்வளவு இல்லை. ஆனால் ஆயில் டேங்க் காலியானால் கதை முடிந்தது.

சரி, வண்டியைப் பார்க்கப் போய்விட்டீர்கள். ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றிதழை, வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெராக்ஸ் வேண்டாம், ஒரிஜினல். வண்டி நம்பரை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டுப் பார்த்தால் ஆர்சி எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி காட்டுகிறதா என்பதெல்லாம் தெரியும். பதிவு 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் 5 வருடத்துக்கு ஒரு முறை எஃப்சி (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டிப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். முன்பு லோனில் வாங்கிய வண்டியென்றால் கடன் எப்போதோ அடைந்திருக்கும், ஆனால் ஆர்சியில் ஹெச்பி என்ற அடமானக் குறிப்பு அப்படியே இருக்கும். பைனான்ஸ் கம்பெனியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) படிவம் 35-ம் இல்லாமல் அது நீங்காது. கம்பெனியே மூடிப்போயிருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். அதை விற்பவரே முடித்துக் கொடுக்கட்டும், பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம். கேரளா, கர்நாடகா வண்டியென்றால் அந்த ஊர் ஆர்டிஓவின் என்ஓசி, அதாவது படிவம் 28, கையில் வராமல் பேசவே வேண்டாம். நான் பார்த்த வண்டிகளில் பாதியை இந்த இடத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

அடுத்து நம்பர். ஹேண்டில்பார் திரும்புகிற இடத்தில், ஸ்டீயரிங் குழாயின் பக்கவாட்டில் சேசிஸ் நம்பர் பஞ்ச் செய்திருக்கும். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, அதன்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நம்பர் அப்படியே தாளில் ஏறிவிடும். ஆர்சியோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். கம்பெனி பஞ்ச் வரிசையாக, ஒரே ஆழத்தில் இருக்கும். ஓர் எழுத்து மட்டும் மேலேறி நின்றாலோ, சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய கோடு தெரிந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் கனமாக இருந்தாலோ வண்டியைத் தொடாதீர்கள். ஆர்எக்ஸில் இந்த விளையாட்டு ரொம்ப அதிகம். ஆர்எக்ஸ் 135 என்ஜினை 100-ன் சேசிஸில் ஏற்றி ஓட்டுகிறவர்களும் உண்டு. ஓட்ட நன்றாகவே இருக்கும், ஆனால் என்ஜின் நம்பரும் ஆர்சியும் பொருந்தாது. எஃப்சிக்குப் போகும் அன்றைக்குத்தான் அழ வேண்டிவரும்.

சேசிஸ் நேராக இருக்கிறதா என்று பார்க்க, வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளிக் குத்துக்கால் போட்டு உட்காருங்கள். நண்பர் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ளட்டும். பின் சக்கரத்தின் விளிம்பை ஒட்டி முன் சக்கரம் இரண்டு பக்கமும் சமமாகத் தெரிய வேண்டும். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, அது போய் முட்டுகிற ஸ்டாப்பரைப் பாருங்கள். அது நசுங்கியிருந்தால் வண்டி எங்கேயோ பலமாக முட்டியிருக்கிறது. நடு ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் ஸ்டீயரிங் பேரிங்கான கோன் செட் போய்விட்டது. அது சின்னச் செலவு, விலையில் குறைத்துக்கொள்ளலாம்.

இப்போது என்ஜின். கிக்கரைத் தொடுவதற்கு முன்னால் சிலிண்டரில் கை வையுங்கள். சூடாக இருந்தால், “இப்பத்தானுங்க கடைக்குப் போயிட்டு வந்தேன்” என்பார் விற்பவர். பரவாயில்லை, ஆறட்டும் என்று சொல்லிவிட்டுப் போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். சூடான என்ஜின் எல்லாமே ஒரே கிக்கில் எடுக்கும். குளிர்ந்த வண்டிதான் உண்மையைச் சொல்லும்.

டூ-ஸ்ட்ரோக்கில் எடுத்தவுடன் கொஞ்சம் புகை வருவது வழக்கம்தான். ஐந்து நிமிடம் ஓடிய பிறகும் ஆர்எக்ஸ் கொசு மருந்து வண்டி மாதிரி புகை தள்ளினால், வலது பக்கக் கிராங்க் ஆயில் சீல் போய், கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது என்று சந்தேகப்படலாம். கியர் ஆயிலின் அளவைப் பார்த்தால் குறைந்திருக்கும். மேக்னெட் பக்கத்து சீல் போனால் அறிகுறி வேறு: அந்த வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு, ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும். ஸ்பிளெண்டர் போன்ற ஃபோர்-ஸ்ட்ரோக்கில், கொஞ்ச நேரம் ஐடிலிங்கில் விட்டுவிட்டு ஒரு முறுக்கு முறுக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் போயிருக்கிறது. ஓட்டும்போது விடாமல் வந்தால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருக்கின்றன.

பழைய புல்லட்டைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை ஸ்டார்ட் செய்யத் தெரியாமலேயே வண்டி சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி, திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளியே விட்ட வார்ப்பிரும்பு என்ஜின் அது. 346 சிசி. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் சின்ன வட்டமாக ஆம்பியர் மீட்டர் இருக்கும். சாவியைப் போட்டதும் அந்த முள்ளைக் கவனியுங்கள். முள் மைனஸ் பக்கம் சாய்ந்தால் பாயிண்ட், அதாவது காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடுகிற காண்டாக்ட், மூடியிருக்கிறது. கிளட்ச் லீவருக்குக் கீழே உள்ள டீகம்ப்ரஸர் லீவரை (சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடுவது) இடது கையால் அழுத்தியபடி கிக்கரை மெதுவாக இறக்குங்கள். முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். டீகம்ப்ரஸரை விடுங்கள், கிக்கரை மேலே வரவிட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், உடம்பு எடை முழுவதையும் போட்டுக் கீழ்வரை ஒரே மிதி. அரைகுறையாக மிதித்தால் ரிவர்ஸ் கிக் அடித்துக் கெண்டைக்காலைப் பதம் பார்த்துவிடும். செருப்புப் போட்டுக்கொண்டு புல்லட் பார்க்கப் போகாதீர்கள்.

ஓடவிட்டு அணைத்தபின், என்ஜினின் வலது பக்கம் சிலிண்டருக்குக் கீழே உள்ள டாப்பெட் மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஆறிய என்ஜினில், கம்ப்ரஷனின் உச்சியில் பிஸ்டன் நிற்கும்போது உள்ளே தெரியும் புஷ்ராடு (வால்வைத் தள்ளுகிற கம்பி) இரண்டையும் விரல் நுனியால் உருட்ட வேண்டும். தடையில்லாமல் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆடினால் அந்த ‘டிக் டிக்’ சத்தத்துக்குக் காரணம் அதுதான், ஸ்பேனர் வைத்துச் சரிசெய்துவிடலாம். அடியிலிருந்து கனமாக ‘கட் கட்’ என்று வந்தால் பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராடின் கிராங்க் பக்கத்து பேரிங், போய்விட்டது. அதற்கு என்ஜினையே இறக்க வேண்டும். ரொம்ப நாள் நின்ற புல்லட் எடுத்தவுடன் புகை கக்கினால் உடனே பயப்பட வேண்டாம். ஆயில் எல்லாம் கிராங்க் கேஸுக்குள் இறங்கித் தங்கியிருக்கும், கொஞ்சம் ஓடினால் தெளியும்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. ஸ்பிளெண்டர் ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிக்கும். காலி மைதானத்தில் பழகிக்கொள்ளுங்கள், அவிநாசி ரோட்டில் வேண்டாம். சிக்னலில் நியூட்ரல் கிடைக்காமல் திண்டாடினால், கியர் பாக்ஸில் இருக்கும் சின்ன நியூட்ரல் லீவரைக் குதிகாலால் அழுத்துங்கள். முதல் கியரைத் தவிர எதிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். இன்றைய வண்டிகளில் இந்த வசதி இல்லாதது எனக்குக் குறைதான்.

விலை படிந்தால் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும், 14 நாளுக்குள் இன்சூரன்ஸையும் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். ‘அப்புறம் மாத்திக்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். உங்கள் பெயருக்கு மாறும்வரை வரும் அபராதமெல்லாம் விற்றவருக்குப் போகும், வாங்கிய நீங்களும் நிம்மதியாக ஓட்ட முடியாது.

வீட்டுக்கு வந்ததும் ஆயில் மாற்றுங்கள். பழைய புல்லட்டில் என்ஜின், கியர் பாக்ஸ், பிரைமரி செயின் மூன்றுக்கும் தனித்தனி. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று விடுகிற மெக்கானிக்குகள் உண்டு, பக்கத்தில் நில்லுங்கள். வடிந்த ஆயிலைக் கீழே ஊற்றாமல் ஒரு தட்டில் பிடித்து வெயிலில் காட்டுங்கள். மினுமினுவென்று தூள் மிதந்தால் எங்கேயோ உலோகம் தேய்கிறது.

புல்லட்டில் பாயிண்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ.க்குள் இருக்கட்டும். பெட்ரோல் டியூப், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதில் ஊறிப் போகிறது. ஒரு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்க மாட்டீர்கள் என்றால், பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு என்ஜினை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து தானாக அணைந்துவிடும். அதன்பின் சாவியை ஆஃப் செய்ய மறக்கக் கூடாது. பாயிண்ட் மூடிய நிலையில் நின்றால் காயிலும் பேட்டரியும் இரண்டும் போய்விடும்.