நவம்பர் மழையை உங்கள் தெருவுக்கு அளந்து வைப்பது எப்படி

"சென்னையில் 12 சென்டிமீட்டர் மழை" என்று செய்தியில் வந்தால், அது நுங்கம்பாக்கத்திலோ மீனம்பாக்கத்திலோ இருக்கும் மழைமானியில் விழுந்த தண்ணீர். உங்கள் தெருவில் நாலு சென்டிமீட்டர்தான் பெய்திருக்கலாம், இல்லை இருபதுகூடப் பெய்திருக்கலாம். வடகிழக்குப் பருவமழை கடலிலிருந்து பட்டை பட்டையாக வரும், ஒரு பட்டை அடையாறில் கொட்டிவிட்டு அம்பத்தூரைத் தொடாமலே போகும். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரக் கணக்கைப் பாருங்கள்: தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், நுங்கம்பாக்கத்தில் 29. ஒரே ஊர், ஒரே ராத்திரி.

அதனால் கடலோர மாவட்டங்களில் இருப்பவர்கள் எல்லோரும், முக்கியமாகத் தாழ்வான தெருவில் தரைத்தளத்தில் இருப்பவர்கள், ஐப்பசி பிறந்ததும் சொந்தமாக ஒரு மழைமானி வைத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. செலவு ஒன்றும் கிடையாது. எத்தனை சென்டிமீட்டருக்கு நம் வாசலுக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்துகொள்ளத்தான் இது. அது தெரிந்துவிட்டால் டிவியில் சிவப்பு எழுத்தில் ஓடும் எச்சரிக்கைக்கு நீங்களே அர்த்தம் சொல்லிக்கொள்ளலாம்.

மானி செய்வது

கடையில் பிளாஸ்டிக் மழைமானி கிடைக்கிறது, வாங்குகிறவர்கள் வாங்கிக்கொள்ளலாம். வீட்டிலேயே செய்வதென்றால் இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில் ஒன்று போதும். கழுத்துக்குக் கீழே, பாட்டில் நேராக ஆரம்பிக்கும் இடத்தில் அறுத்துவிட்டு, அறுத்த மேல்பாகத்தைத் தலைகீழாகத் திருப்பி உள்ளேயே செருகினால் அதுவே புனல். அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருக்கும் என்பதால் அங்கே கூழாங்கல்லைப் போட்டு, மட்டமாகும் வரை தண்ணீர் ஊற்றி, அந்த இடத்தில் மார்க்கர் பேனாவால் பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேலே பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து மில்லிமீட்டர் குறித்துவிடலாம். கல் இருப்பதால் காற்றுக்கும் சாயாது, ஆனாலும் இரண்டு செங்கல்லுக்கு நடுவில் வையுங்கள்.

இதைவிடத் துல்லியமான வழி ஒன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரு புனலை வாயகன்ற ஜாடியில் செருகி வைத்து, விழுந்த தண்ணீரை மருந்து பாட்டிலோடு வரும் மில்லிலிட்டர் மூடியாலோ அவுன்ஸ் கிளாஸாலோ அளப்பது. புனல் வாயின் குறுக்களவு 10 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு 78.5 சதுர சென்டிமீட்டர், அதாவது ஏறத்தாழ 78 மில்லிலிட்டர் விழுந்திருந்தால் ஒரு சென்டிமீட்டர் மழை. ஜாடியில் 390 மில்லி இருந்தால் 5 சென்டிமீட்டர். ஜாடி எந்த வடிவில் இருந்தாலும் கவலையில்லை, புனலின் வாய்தான் கணக்கு.

எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மரத்தடி, தண்ணீர்த் தொட்டியின் பக்கம், சன்ஷேடு ஓரம் எல்லாம் ஆகாது. பக்கத்தில் இருக்கும் பொருள் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைக்க வேண்டும். தரையில் திறந்த இடம் இருந்தால் நல்லது. ஃபிளாட்டில் அதற்கு வழியில்லை, மொட்டைமாடி நடுவில் வைத்துக்கொள்ளுங்கள், காற்று பலமாக அடித்தால் கொஞ்சம் குறைவாகக் காட்டும் என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். மழை இல்லாத நாளிலும் தண்ணீரைக் கொட்டிவிட்டு பூஜ்யக் கோடு வரை புதிதாக ஊற்றி வையுங்கள், டெங்கு கொசுவுக்கு அந்தப் பாட்டில் தண்ணீரே தாராளம்.

அளக்கும் நேரம்

காலை எட்டரை மணி. வானிலை ஆய்வு மையத்தின் ஒரு மழை நாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நீங்களும் அதையே பிடித்துக்கொண்டால்தான் உங்கள் எண்ணை நுங்கம்பாக்கத்தோடும் பக்கத்து மழைமானிகளோடும் ஒப்பிட முடியும். இன்னொன்று, கடலோரத்தில் இந்தப் பருவத்தில் நள்ளிரவிலிருந்து விடிகாலை வரைதான் பெரும்பாலும் வெளுத்து வாங்கும், எட்டரைக்குப் போனால் அந்த ராத்திரி முழுக்க ஒரே கணக்கில் வந்துவிடும். சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் மட்டும் நடுவில் ஒருமுறை எட்டிப் பார்த்து, எழுதிக்கொண்டு காலி செய்யுங்கள், இல்லையென்றால் பாட்டில் நிரம்பி வழிந்து கணக்கே போய்விடும்.

நோட்டில் மூன்று பத்தி போதும்: அன்றைய மழை, கடைசி ஏழு நாளின் மொத்தம், தெருவில் தண்ணீர் எது வரை நின்றது. மூன்றாவதற்கு காம்பவுண்டு சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிட்டால் வேலை சுலபம். "கேட்டுக்குக் கீழே", "முதல் படி", "மீட்டர் பெட்டிக்கு ஒரு சாண் கீழே" என்று எழுதினாலே போதும், எண் வேண்டாம்.

இதில் ஏழு நாள் மொத்தம் என்ற பத்தியைத்தான் யாரும் எழுதுவதில்லை, ஆனால் அதுதான் முக்கியம். மாத ஆரம்பத்தில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் காய்ந்த மண் குடித்துவிடும், ஏரி வாங்கிக்கொள்ளும், தெருவில் இரண்டு மணி நேரத்தில் வடிந்துவிடும். மூன்றாவது சுற்று மழையில் அதே தெரு ஐந்து சென்டிமீட்டருக்கே நிரம்பும். 2015 நவம்பரில் நுங்கம்பாக்கத்தில் மட்டும் 1,049 மில்லிமீட்டர் பெய்தது. அந்த மாதத்துக்கு வழக்கம் 40 சென்டிமீட்டரைச் சுற்றித்தான். 1918 நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பிறகு அவ்வளவு ஈரமான நவம்பரைச் சென்னை பார்த்ததில்லை. அப்படி ஒரு மாதம் முழுக்க ஊறி, ஏரியெல்லாம் தளும்பிக்கொண்டிருந்த நிலத்தின் மேல்தான் டிசம்பர் 1-ஆம் தேதி மழை விழுந்தது. அந்த ஒரு நாளை மட்டும் தனியாகப் பார்த்தால் ஊர் ஏன் அப்படி மூழ்கியது என்று விளங்காது.

அறிக்கையைப் படிப்பது

உங்கள் எண் கையில் வந்த பிறகு அறிக்கையின் வார்த்தைகளை அதோடு பொருத்த வேண்டும். கனமழை என்றால் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிக கனமழை 12 முதல் 20, அதி கனமழை 21-க்கு மேல். உங்கள் தெரு 8 சென்டிமீட்டருக்கே கேட்டைத் தாண்டும் என்றால், "கனமழை" என்ற சாதாரண மஞ்சள் எச்சரிக்கையே உங்களுக்குப் போதும், சிவப்புக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மேட்டுத் தெருக்காரர் ஆரஞ்சு வந்தாலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

அதே அறிக்கையில் "ஓரிரு இடங்களில்" என்று வரும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசி வரைதான் என்று அர்த்தம். "ஓரிரு இடங்களில் அதி கனமழை" என்று சொல்லிவிட்டு உங்கள் வீட்டில் தூறலோடு நின்றால் வானிலை மையம் பொய் சொல்லிவிட்டது என்று திட்டுவது நியாயமில்லை. "பெரும்பாலான இடங்களில்" என்று வந்தால் மட்டும் உங்கள் தெருவும் அதில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

புயலுக்குப் பெயர் வைத்தால்தான் பயப்பட வேண்டும் என்று ஒரு பழக்கம் நமக்கு ஊறிப்போயிருக்கிறது. தாழ்வு மண்டலம், புயல், தீவிரப் புயல் என்ற தரம் எல்லாம் காற்றின் வேகத்துக்கு: மணிக்கு 31 கிலோமீட்டரைத் தொட்டால் தாழ்வு மண்டலம், 62-ஐத் தொட்டால் புயல். மழைக்கும் அதற்கும் நேரடிக் கணக்கு கிடையாது. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையை மூழ்கடித்த மழைக்குப் பெயரே இல்லை. 2018-இல் கஜா காற்றால் டெல்டாவின் தென்னையைச் சாய்த்தது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல், புயல் என்ற வரிசையில் ஆகக் கீழ்ப்படியில் இருந்ததுதான், ஆனால் நகராமல் ஒரே இடத்தில் நின்றுகொண்டதால் புதுச்சேரியில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டிக் கொட்டியது, அப்புறம் வலுவிழந்து உள்ளே போய் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். எனவே "எவ்வளவு வேகமாகக் காற்று" என்பதைவிட "எவ்வளவு மெதுவாக நகர்கிறது" என்பதைக் கேளுங்கள். அறிக்கையில் "கடந்த ஆறு மணி நேரமாக நகராமல் நிலைகொண்டுள்ளது" என்று ஒரு வரி இருந்தால் பைக்கை மேட்டில் ஏற்றும் நேரம் வந்துவிட்டது.

துறைமுகக் கூண்டு எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வருஷா வருஷம் குழப்பம். ஒன்றும் இரண்டும் தூரத்தில் உருவாகியிருக்கிறது என்பதற்கு, மூன்றும் நான்கும் உள்ளூர் எச்சரிக்கை, ஐந்து முதல் ஏழு வரை ஆபத்து, எட்டு முதல் பத்து வரை பெரும் ஆபத்து. பதினொன்று என்றால் எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இது கப்பலுக்கும் படகுக்கும். உங்கள் தெருவில் தண்ணீர் நிற்குமா என்பதை அது சொல்லாது.

போனில் சார்ஜ் போன பிறகு தாழ்வு மையம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டுமா? காற்று முதுகில் அடிக்கும்படி திரும்பி நில்லுங்கள். உங்கள் இடக்கைப் பக்கம், கொஞ்சம் முன்னால் அது இருக்கிறது. சென்னையில் வடக்கிலிருந்து வாடை பலமாக அடித்தால் மையம் கிழக்கிலோ தென்கிழக்கிலோ கடலில் நிற்கிறது. காற்று தெற்கிலிருந்து அடிக்க ஆரம்பித்தால் மையம் உங்களைத் தாண்டி மேற்கிலோ வடமேற்கிலோ இருக்கிறது. சந்துக்குள் நின்று பார்க்காதீர்கள், கட்டிடங்கள் காற்றைத் திருப்பிவிடும், மொட்டைமாடிக்குப் போங்கள்.

ஆற்றங்கரைக்காரர்களுக்கு

உங்கள் மழைமானி உங்களைக் கைவிடும் இடம் இது ஒன்றுதான். மழை நின்று வெயில் அடித்த பிறகும் ஆற்றில் தண்ணீர் ஏறும், ஏனென்றால் அது மேலே பெய்த மழை. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி. 21 அடியைத் தாண்டினாலே செய்தியைக் கவனிக்க ஆரம்பியுங்கள், அந்த ஏரி திறந்தால் அடையாறு வழியாக ஜாபர்கான்பேட்டை, ஈக்காட்டுத்தாங்கல், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம். பூண்டி திறந்தால் கொசஸ்தலை வழியாக எண்ணூர்ப் பக்கம். ஒரு கன அடி என்பது 28 லிட்டர். விநாடிக்கு ஆயிரம் கன அடி என்றால் விநாடிக்கு 28,000 லிட்டர், அதாவது இரண்டு தண்ணீர் லாரிக்கும் மேலே, ஒவ்வொரு விநாடியும். ஏரியை மட்டும் பார்ப்பதும் தப்பு. ஆதனூர், முடிச்சூர், வரதராஜபுரம் பக்கத்து வெள்ளம் செம்பரம்பாக்கத்தின் மதகைத் தொடாமலே அடையாற்றில் சேர்கிறது, அங்கே பெய்த மழையையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் எண் வந்துவிட்டால்

வாசல் எத்தனை சென்டிமீட்டருக்கு நனையும் என்று தெரிந்ததும், அதில் பாதி பெய்தபோதே வேலையைத் தொடங்கிவிடுங்கள். இன்வெர்ட்டர் பேட்டரியை மேஜை மேல் ஏற்றுவது, வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோவது (வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துவதைப் பார்த்து முன்பு சிரித்தவர்கள் இப்போது அங்கே இடம் தேடுகிறார்கள்), சம்ப் மூடியைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஷீட்டை இறுக்கிக் கட்டி மேலே கல் வைப்பது. சம்ப்பை மறக்கவே மறக்காதீர்கள், சாக்கடை ஒருமுறை உள்ளே போய்விட்டால் வெள்ளம் வடிந்த பிறகும் குடிக்கத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் மீட்டர் பெட்டியை நெருங்கும் முன் மெயினை அணைத்துவிடுங்கள். நெருங்கிய பிறகு கை வைக்க வேண்டாம், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கினால் மாநகராட்சி 1913, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அளவில் 1070. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், அப்படியே மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போங்கள்.

கார்த்திகை முடிந்ததும் மானியை எடுத்துப் பரணில் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. "கார்த்திகைக்குப் பிறகு மழையும் இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடையும் இல்லை" என்று சொல்லி வைத்திருக்கிறார்கள் அல்லவா. 2023-இல் மார்கழி பிறந்த கையோடு, டிசம்பர் 18 காலை வரையிலான ஒரே நாளில், காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. 2021 டிசம்பர் 30 மதியம் சென்னையில் யாரும் எதிர்பார்க்காமல் ஆரம்பித்த மழை மயிலாப்பூர்ப் பக்கம் இருபது சென்டிமீட்டரைத் தாண்டியது. பொங்கலுக்குப் பானையை எடுக்கும்போது மானியை உள்ளே வைத்தால் போதும்.