டெக்சாஸில் நாள் தள்ளிப்போனால்: சட்டம், ஸ்கேன், வாரக் கணக்கு

டாலஸ் பக்கம் புதிதாக வருபவர்களுக்கு வீடு பிடிப்பது, கார் வாங்குவது என்று எல்லாவற்றுக்கும் யாராவது வழி சொல்லிவிடுவார்கள். எதிர்பாராமல் கரு தங்கிவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை, கேட்கவும் கூச்சம். பிள்ளையைப் பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதில் நான் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் எந்த முடிவாக இருந்தாலும் இங்கே வாரக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஊரில் நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே டாக்டரைப் பார்த்து, அன்றைக்கே ஸ்கேனும் எடுத்துவிடலாம். இங்கே மகப்பேறு டாக்டரின் அலுவலகத்துக்குப் போன் செய்தால், பெரும்பாலும் எட்டாவது வாரத்துக்குத்தான் அப்பாயின்ட்மென்ட் தருவார்கள். சந்தோஷமாகக் காத்திருப்பவருக்கு அதில் நஷ்டமில்லை. இன்னும் முடிவெடுக்காதவருக்கு அது பெரிய நஷ்டம். வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் நாள் தள்ளிப்போவது தெரியும்போதே நான்கு வாரம் கணக்கில் ஏறிவிடும். ஒரு மாநிலச் சட்டம் ‘ஆறு வாரம் வரைதான் கருவைக் கலைக்கலாம்’ என்றால் உங்கள் கையில் மிச்சம் இரண்டே வாரம். மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு அதுவும் இருக்காது. சந்தேகம் வந்த உடனே சோதித்துப் பாருங்கள். டாலர் ட்ரீ கடையில் ஒன்றிரண்டு டாலருக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட் போதும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடு முழுக்க 1973-இல் வந்த கருக்கலைப்பு உரிமையை உச்ச நீதிமன்றம் 2022 ஜூன் 24 அன்று ரத்து செய்தது. அதிலிருந்து மாநிலத்துக்கு மாநிலம் வேறு கதை. டெக்சாஸில் 2022 ஆகஸ்ட் 25 முதல் கிட்டத்தட்ட முழுத் தடை. தாயின் உயிருக்கு ஆபத்து, அல்லது முக்கியமான உடல் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்படும் நிலை, இவை மட்டும் விலக்கு. பாலியல் வன்முறைக்கோ கருவின் குறைபாட்டுக்கோ விலக்கில்லை. தண்டனை கருக்கலைப்பைச் செய்பவருக்குத்தான், கர்ப்பிணிக்கு இல்லை. ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் எல்லை ஆறு வாரம். வட கரோலினாவில் 12 வாரம், ஆனால் நேரில் போய் ஆலோசனை பெற்று 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். நியூ ஜெர்சியில் வார வரம்பே கிடையாது. தேர்தலும் தீர்ப்பும் வரும்போதெல்லாம் இவை மாறுகின்றன. போக நினைக்கும் கிளினிக்கிலேயே கேட்டுக்கொள்வதுதான் சரி.

அப்புறம் ஸ்கேன். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, எத்தனை வாரம், துடிப்பு தெரிகிறதா என்று மூன்றையும் அது சொல்லிவிடும். முதல் மூன்று மாதத்தில் கருவின் நீளத்தை அளந்து சொல்லும் வாரக் கணக்குதான் மிக நம்பகமானது. ரொம்பச் சீக்கிரம் போனால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பயப்பட வேண்டாம், இரண்டு நாள் இடைவெளியில் ரத்தப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள். ஆனால் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை வலி, ரத்தப்போக்கு, மயக்கம் இருந்தால் நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள். கரு கருப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அதற்கான சிகிச்சை டெக்சாஸ் சட்டப்படி கருக்கலைப்பே அல்ல. காசு, இன்சூரன்ஸ் எதுவும் இல்லாவிட்டாலும் அவசரப் பிரிவில் உங்களைப் பரிசோதித்தே ஆகவேண்டும். 1986-இலிருந்து அது பெடரல் சட்டம்.

ஹைவே ஓரத்தில் ‘கர்ப்பமா? இலவச ஸ்கேன்’ என்று பலகைகள் பார்ப்பீர்கள். பல இடங்களில் இவற்றை நடத்துவது, கருவைக் கலைக்காமல் பெற்றெடுக்கச் சொல்லும் அமைப்புகள். பெற்றுக்கொள்ள முடிவு செய்தவருக்கு டயாபர், துணிமணி என்று உதவி கிடைக்கும், அது நல்லதுதான். ஆனால் பல மையங்கள் மருத்துவக் கிளினிக்கே அல்ல, உங்கள் விவரங்களுக்கு மருத்துவ ரகசியச் சட்டத்தின் காப்பும் இல்லாமல் போகலாம். ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்துப் போடுவாரா, அதைக் கையில் தருவீர்களா என்று போனிலேயே கேளுங்கள். மழுப்பினால் போகாதீர்கள். கருவைக் கலைக்க வெளிமாநிலத்துக்குப் போவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தக் கிளினிக்கிலேயே ஸ்கேன் எடுத்துவிடுவார்கள். வலியோ ரத்தப்போக்கோ இல்லையென்றால் இங்கே தனியாக ஒன்று தேவையில்லை.

அப்படிப் போவது கர்ப்பிணிக்குக் குற்றமல்ல. டாலஸிலிருந்து பலரும் போவது நியூ மெக்சிகோ, கான்சாஸ், கொலராடோ. விசாவில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்ததற்கான பதிவு) பிரதியும் கையில் வைத்திருங்கள். மெக்சிகோ எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலைகளில் உள்நாட்டுக்குள்ளேயே சோதனைச் சாவடிகள் உண்டு. மாத்திரையால் கருவைக் கலைக்கும் முறைக்கு அமெரிக்க மத்திய அரசின் அனுமதி பத்தாவது வாரம் வரை. ஊரிலிருந்து யாராவது பெட்டியில் மாத்திரை கொண்டுவருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கரு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் சாப்பிடுவது ஆபத்து, கொண்டுவந்து கொடுப்பவரும் டெக்சாஸ் சட்டத்தில் மாட்டலாம். இந்தியாவுக்கே போய்விடலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. அங்கே 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 2021 திருத்தத்துக்குப் பின் சில பிரிவினருக்கு 24 வாரம். ஆனால் விசா ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தால் திரும்பி வருவதுதான் சிக்கல். இலங்கையில் தாயின் உயிரைக் காக்க மட்டுமே அனுமதி.

பெற்றுக்கொள்வதாக முடிவு செய்தாலும் சட்டம் உங்களை விடாது. 18 முதல் 22 வாரத்துக்குள் எடுக்கும் விரிவான ஸ்கேனில் கடுமையான குறை தெரிந்தாலும் கருவைக் கலைக்க டெக்சாஸில் வழியில்லை. அதனால் கருவில் சில குறைகளுக்கு வாய்ப்புண்டா என்று பார்க்க, பத்தாவது வாரத்திலிருந்து செய்யக்கூடிய ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். அதிலேயே ஆணா பெண்ணா என்றும் தெரிந்துவிடும். ஊரில் அதைச் சொல்வதே குற்றம் என்று பலகை பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே நர்ஸ் சிரித்துக்கொண்டே ‘தெரிஞ்சுக்கணுமா?’ என்று கேட்பது திடுக்கிடலாக இருக்கும். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம்.

கணவர் பெயரில் இன்சூரன்ஸ் இருந்தால், என்ன சிகிச்சை என்ற விவரக் கடிதம் அவர் பெயருக்குத்தான் போகும். தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். ஆங்கிலம் தடுமாறினால் கணவரையோ மாமியாரையோ மொழிபெயர்க்க வைக்காமல், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். பெரிய மருத்துவமனைகளில் போன் வழியாக ஏற்பாடு செய்வார்கள், அதற்குக் கட்டணம் கிடையாது.