வான்கதவு ஏன் விழுந்தது? பிளாஸ்டிக் கட்டைகளில் இயந்திரம் கட்டும்போது விடும் தவறுகள்

சனிக்கிழமை பின்னேரங்களில் கிளிநொச்சியில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஆறேழு பிள்ளைகள் கூடுவார்கள். கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய, பற்சில்லும் மோட்டரும் பூட்டி ஓடும் மாதிரிகள் கட்டுகிற லெகோ டெக்னிக் பெட்டிகள் இரண்டும், கொழும்பில் வாங்கிய பெயர் தெரியாத மலிவுக் கட்டைகளும் ஒரு பழைய கடகத்தில் கலந்து கிடக்கின்றன. கையேட்டைப் பார்த்துக் கட்டுவது அவர்களுக்கு இரண்டு கிழமையில் அலுத்துவிட்டது. "மாமா, இரணைமடு வான்கதவு கட்டுவோம்" என்றார்கள். மாரியில் கனகராயன் ஆறு பெருகிக் குளம் நிரம்பும்போது கதவு திறப்பதைப் பார்க்கப் போன பிள்ளைகள். அவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

முதல் தவறு அன்றைக்கே நடந்தது. அணைக்கட்டு, சாம்பல் நிறத் தூண்கள், மேலே நடைபாதை, அதற்குக் கைப்பிடி என்று ஒன்றரை மணி நேரம் கட்டினார்கள். பார்க்க அழகாக இருந்தது. மோட்டரை எங்கே வைப்பது என்று கேட்டேன். இடமே இல்லை. எந்த மாதிரியையும் அசையும் பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். மோட்டர், பற்சில்லுகள், அச்சுகள் ஆகியவற்றை வெறும் சட்டத்தில் பூட்டி ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் தூணும் கைப்பிடியும். கட்டியதைப் பிரிக்க மனம் வராமல் ஒருத்தி அழுதே விட்டாள்.

அடுத்தது பற்சில்லு. கதவில் கட்டிய நூலை ஓர் அச்சில் சுற்றி, அந்த அச்சை மோட்டரால் திருப்ப வேண்டும். மோட்டரில் 24 பல் உள்ள பெரிய சில்லையும், நூல் அச்சில் 8 பல் உள்ள சிறியதையும் போட்டார்கள். பெரிய சில்லுக்குப் பெரிய பலம் என்பது அவர்கள் கணக்கு. மோட்டர் முனகியது, கதவு அசையவில்லை. இங்கே உழவு இயந்திரத்தைப் பார்க்காதவர் யார்? சேற்று வயலில் இறங்கும்போது சாரதி கியரைக் குறைக்கிறார். வேகம் போகிறது, இழுவை கூடுகிறது. சில்லுகளை இடம் மாற்றி, 8 பல் 24 பல்லைத் திருப்பும்படி வைத்தால் வேகம் மூன்றிலொன்றாகும், முறுக்குவிசை, அதாவது திருப்பும் பலம், உராய்வில் போவது தவிர மூன்று மடங்காகும். நடுவில் இன்னொரு சில்லைச் சொருகினால் பலம் கூடும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது சுழலும் திசையை மட்டுமே மாற்றும்.

மாற்றியதும் கதவு ஏறியது. கைதட்டினார்கள். மோட்டரை நிறுத்தியதும் கதவு "டக்" என்று கீழே விழுந்தது.

சாதாரணப் பற்சில்லுகள் இரண்டு பக்கமும் பேசும். மோட்டர் கதவைத் தூக்குவதுபோல, கதவின் பாரமும் மோட்டரைப் பின்னோக்கித் திருப்பும். தூக்கியது தூக்கியபடி நிற்க வேண்டிய இடத்தில் திருகாணிபோல் புரியுள்ள திருகுப் பல் வேண்டும். அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்போது எதிரிலுள்ள சில்லு ஒரேயொரு பல் நகரும். 24 பல் சில்லென்றால் 24 சுற்றுக்கு ஒரு சுற்று. சில்லிலிருந்து திருகைத் திருப்ப முடியாது என்பதால் கதவு நின்ற இடத்திலேயே நிற்கும்.

ஆனால் திருகுப் பல்லுக்கு இரக்கம் கிடையாது. அடுத்த ஓட்டத்தில் கதவு மேற்சட்டத்தில் முட்டியும் மோட்டர் நிற்கவில்லை. சட்டத்தின் ஒரு பக்கம் பிளந்து, துளைகளில் சொருகிப் பூட்டும் முளைகள் விறாந்தை முழுக்கத் தெறித்தன. இதற்காகவே டெக்னிக்கில் வெள்ளை நிற 24 பல் சில்லு ஒன்று உண்டு. நடுப்பகுதி தனியாக வழுக்கும். பாரம் எல்லை மீறினால் பல் சுழலும், அச்சு நிற்கும். அதன் முகத்தில் 2.5, 5 என்று பொறித்திருப்பது அது வழுக்கத் தொடங்கும் முறுக்குவிசையின் வரம்பு. அதைத் திருகுப் பல்லுக்கு எதிரே வைத்தோம். இப்போது கதவு முட்டினால் "கர்ர்" என்றொரு சத்தம் மட்டுமே.

இனி அளவுகள். அதிகமான மாதிரிகள் கெட்டுப்போவது இங்கேதான், அதுவும் சத்தமில்லாமல். அச்சும் முளையும் நுழைவதற்குச் சட்டங்களில் வரிசையாகத் துளைகள் உண்டு. ஒரு துளையின் நடுவிலிருந்து அடுத்த துளையின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர். இந்தப் பற்சில்லுகளில் பல்லின் எண்ணிக்கையில் பாதிதான் மில்லிமீற்றரில் ஆரம். ஆகவே இணையும் இரு சில்லுகளின் பற்களைக் கூட்டி 16ஆல் வகுத்தால், அச்சுகளுக்கிடையே எத்தனை துளைத் தூரம் வேண்டும் என்பது வந்துவிடும். 8உம் 24உம் சேர்ந்தால் 32, அதாவது இரண்டு. 8உம் 40உம் மூன்று. 12உம் 20உம் இரண்டு. 16உம் 24உம் என்றால் இரண்டரை, ஒரே சட்டத்தின் துளைகளில் அது பொருந்தாது. இரண்டில் வைக்க இடமே போதாது, மூன்றில் வைத்தால் பல் எட்டாது. பிள்ளைகள் அச்சை வளைத்துப் பிடித்துக்கொண்டு "சுற்றுகிறது மாமா" என்பார்கள். பாரம் ஏறியதும் பல் தாவும்.

உயரத்தில் வேறு சிக்கல். கட்டையின் உயரம் 9.6 மில்லிமீற்றர், தட்டையான தகட்டின் உயரம் 3.2. துளையுள்ள கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, பக்கத்தில் நிமிர்ந்த சட்டம் ஒன்றை முளையால் பூட்டப் பார்த்தால் துளைகள் நேரே வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே இரண்டு தகடுகளை வையுங்கள். 9.6உம் 6.4உம் சேர்ந்து 16, சரியாக இரண்டு துளைத் தூரம். இப்படி நிமிர்ந்த சட்டத்தால் பூட்டாத தூணை நூல் இழுத்தே பிரித்துவிடும். கட்டையின் தலையிலுள்ள குமிழ்களின் பிடி மேலிருந்து வரும் பாரத்துக்குத்தான்.

குறுக்குச் சட்டம் போடும்போதும் ஒரு கணக்குப் பிழை வரும். 3, 4, 5 என்ற செங்கோண முக்கோணம் எல்லோருக்கும் தெரியும். மூன்று துளை, நான்கு துளை, ஐந்து துளைச் சட்டங்களை எடுத்துக்கொண்டு பொருந்தவில்லை என்று திணறுவார்கள். வேலி அடைத்தவருக்கு இது உடனே விளங்கும்: ஐந்து இடைவெளிக்கு ஆறு கதியால் வேண்டும். எண்ண வேண்டியது இடைவெளியை. ஆகவே 4, 5, 6 துளைச் சட்டங்கள்.

முளைகளின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு முளையில் சிறு வரம்புகள் உண்டு, அது இறுக்கிப் பிடிப்பதற்கு. அதே நீளமுள்ள சாம்பல் முளை தடையின்றிச் சுழலும். ஒரு பொடியன் கிணற்றுத் துலா கட்டினான். வாளியை இறக்கினால் துலா இறங்கிய இடத்திலேயே நின்றது. மறுமுனையில் பாரத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தான். துலாவைத் தாங்கும் ஆடுகாலில் இரண்டு கறுப்பு முளைகள் இருந்தன. சாம்பலாக மாற்றியதும் பாதிப் பாரத்திலேயே எழுந்தது. மலிவுக் கட்டைகளில் இந்த நிற ஒழுங்கை நம்ப முடியாது, விரலால் சுற்றிப் பார்த்தே எடுக்க வேண்டும். டெக்னிக் 1977இல் வந்தது. அன்று முதல் துளைத் தூரம் மாறாததால் அண்ணனின் பழைய பெட்டியும் புதியதும் ஒன்றாகப் பூட்டுகின்றன. மலிவுக் கட்டைகளைச் சுவருக்கு வைத்துக்கொள்ளலாம், பற்சில்லுப் பக்கம் நான் விடுவதில்லை.

அச்சை ஒரு பக்கம் மட்டும் தாங்கவிடாதீர்கள். பற்சில்லுக்கு இரு புறமும் சட்டம் வேண்டும். நீண்ட அச்சு பாரத்தில் முறுகும், அதனால் வேகத்தைக் குறைக்கும் சில்லுகளை மோட்டரருகே வைக்காமல் கதவருகே வையுங்கள். அச்சு நழுவாமல் அதில் போடும் தடுப்பு வளையங்களை அழுத்தி இறுக்கும் பழக்கமும் வேண்டாம். ஒரு தாள் நுழையும் இடைவெளி விட்டால் போதும். எதில் இறுக்கம் என்று தெரியாவிட்டால் மோட்டரைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றுங்கள். பிறகு ஒவ்வொரு சில்லாகக் கழற்றிக்கொண்டு வாருங்கள். எந்தச் சில்லைக் கழற்றியதும் இலகுவாகிறதோ, பிழை அங்கே.

எண்ணெய் வேண்டவே வேண்டாம். தையல் இயந்திர எண்ணெய் விட்டுப் பார்த்தார்கள். எங்கள் செம்மண் புழுதி அதில் ஒட்டி இரண்டு நாளில் களியாகிவிட்டது. கட்டைகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக், சில எண்ணெய்களால் அதில் வெடிப்பும் விழும். 40 பாகைக்கு மேற்படாத இளஞ்சூட்டு நீரும் சவர்க்காரமும் போதும். மோட்டர், பற்றரிப் பெட்டி ஆகியவற்றில் நீர் படக் கூடாது. ஆறு சாதாரணப் பற்றரிகள் 9 வோல்ற் தரும், மீள்மின்னேற்றும் பற்றரிகள் 7.2 மட்டுமே. பின்னதைப் போட்டால் கதவு மெதுவாக ஏறும், அது பிழையில்லை.

இந்தக் கிழமை இரண்டாவது கதவையும் அதே அச்சில் பூட்டினார்கள். ஒன்று அரை விரல் முந்தி எழுகிறது. ஒரு பக்கம் நூல் தன்மேல் தானே ஏறிச் சுற்றிச் சுருள் பருத்துவிடுகிறது. நான் இன்னும் சொல்லவில்லை. கடகத்தைச் சுற்றியிருந்து அவர்களே வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.