பெயரை அல்ல, நிலத்தைப் பின்தொடருங்கள்: தமிழ்க் குடும்பத்தின் வம்சாவளியைத் தேடும் முறை

தமிழ்க் குடும்பம் ஒன்றின் வம்சாவளியை ஆராயப் புகுகிறவர் முதலில் எதிர்கொள்வது, நம்மில் பெரும்பாலோருக்குத் தலைமுறைதோறும் தொடரும் குடும்பப் பெயர் இல்லை என்பதைத்தான். தந்தையின் பெயர் மகனுக்குத் தலைப்பெழுத்தாக நிற்கிறது. பேரனிடம் அந்த எழுத்தும் மாறிவிடுகிறது. போதாக்குறைக்குப் பாட்டனின் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமும் இருக்கிறது. ‘பேரன்’ என்ற சொல்லே ‘பெயரன்’ என்பதிலிருந்து வந்ததுதான். முத்தையாவின் மகன் கருப்பையா, கருப்பையாவின் மகன் முத்தையா, அவருடைய மகன் மீண்டும் கருப்பையா என்று வரும் குடும்பத்தில், ‘முத்தையா மகன் கருப்பையா’ என்று ஒரு காகிதத்தில் கண்டால் அது எந்தக் கருப்பையா என்பதைப் பெயரைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. ஊர், நிலம், காலம் ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று உறுதியாகும். ஆகையால் முதல் நாளிலேயே ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, அந்த எண்ணின் கீழ் பெயரையும் ஊரையும் எழுதத் தொடங்குங்கள்.

குடும்பத்தில் மூத்தவர்களிடம் பேசுவதைத் தள்ளிப்போடக் கூடாது, ஏனெனில் ஆவணங்கள் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க முடியாது. அவர்களிடம் ஆண்டைக் கேட்டால் பெரும்பாலும் விடை வராது. நிகழ்ச்சியைக் கேட்டால் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது கைக்குழந்தையாக இருந்தது யார், சுதந்திரம் வந்தபோது பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்ததா, இன்னாருக்குக் கொள்ளி வைத்தது யார், அத்தையை எந்த ஊரில் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். உறவுச் சொற்களில் மட்டும் கவனம் வேண்டும். பெரியப்பா என்பவர் தந்தையின் அண்ணனாகவும் இருக்கலாம், தாயின் அக்காள் கணவராகவும் இருக்கலாம். எனவே ‘யாருக்குப் பிறந்தவர், எந்த ஊர்’ என்று ஒவ்வொரு முறையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அக்காள் மகளையோ மாமன் மகளையோ மணந்த குடும்பங்களில் ஒருவரே இரண்டு உறவுமுறைகளில் வருவார். அவரை இரண்டு பேராக எழுதிவிடாமல் காப்பதற்கும் நான் முன்பு சொன்ன எண் உதவும்.

அடுத்து வீட்டிலிருக்கும் காகிதங்கள். கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், ஜாதகங்கள், பழைய குடும்ப அட்டைகள், பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் இரு பக்கமும் படம் எடுத்து வையுங்கள். தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தந்தை, பாட்டனார், பாட்டனாரின் தந்தை என மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்லும் முறை உண்டு. செய்பவரிடம் கேட்டால் எந்தப் பதிவேட்டையும் புரட்டாமல் கொள்ளுத்தாத்தாவின் பெயர் கிடைத்துவிடும். மொய் நோட்டைப் பலர் வெறும் கணக்கு என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள், அது பெரிய இழப்பு. அதில் ஊர்வாரியாகப் பெயர்கள் இருக்கும். எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குப் பெண் கொடுத்தார்கள் என்பது அந்த வரிசையிலேயே தெரியும். என் தாய்வழிப் பாட்டியின் பிறந்த ஊரை ஒரு மொய் நோட்டிலிருந்துதான் நான் கண்டுபிடித்தேன். அதுவரை எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

இங்கே ஆண்டுக் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், ‘தாது வருஷம்’ என்றிருந்தால் அது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். ஜாதகத்தில் கிழமையும் நட்சத்திரமும் திதியும் சேர்ந்திருக்கும் என்பதால், பழைய பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் எந்தச் சுற்று என்பது தெளிவாகும். வருவாய்த் துறைக் காகிதங்களில் வரும், ஜூலையில் தொடங்கும் கணக்காண்டான பசலி ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1400 என்பது 1990 ஜூலையில் தொடங்கியது. தென் மாவட்டங்களில், குறிப்பாகக் குமரிப் பகுதியில், கொல்லம் ஆண்டைக் காணலாம். அதனோடு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும்.

இனி நிலம். பட்டாவும் சிட்டாவும் இன்றைய உரிமையாளரைத்தான் சொல்லும். அவற்றிலிருந்து புல எண்ணை (சர்வே எண்ணை) மட்டும் எடுத்துக்கொண்டு, கிராமத்து நிலங்களைப் புல எண் வரிசையில் விவரிக்கும் அ-பதிவேட்டுக்குச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 1979-இல் தொடங்கி 1980-களில் நடந்த நிலப் பதிவுச் சீரமைப்பின்போது பல கிராமங்களில் எண்கள் மாறின என்பதால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் இணைத்துப் பார்க்க வேண்டும். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தப் புல எண்ணுக்கு வில்லங்கம், அதாவது அதன்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல், போட்டுப் பாருங்கள். அசையாச் சொத்துப் பத்திரங்கள் நகலெடுக்கப்படும் முதல் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தி எவரும் பார்வையிடலாம், நகலும் பெறலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்கிறது. உங்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்க வேண்டும் என்பதில்லை. உயில்களுக்கு, அவற்றை எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை, இந்தத் தாராளம் கிடையாது.

கிடைக்கும் பத்திரங்களில் தலைசிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். அண்ணன் தம்பிகள் அனைவரும், இறந்துபோன சகோதரனின் மைனர் பிள்ளைகளும் அவர்களுக்குக் கார்டியனாக இருந்தவரும், சொத்து யாரிடமிருந்து வந்தது என்ற விவரமும் அதில் ஒருங்கே இருக்கும். கிரயப் பத்திரத்தில் பெயர்களைப் படித்துவிட்டு மூடிவிடுகிறவர்கள் அதன் பாதிப் பயனை இழக்கிறார்கள். சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்களே, அதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒரே நிலம் பங்காளிகளுக்குள் பிரிந்திருக்குமானால், ‘இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் பாகத்துக்கு வடக்கு’ என்று வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பாட்டனாரின் பிற கிளையினராகவே இருப்பார்கள். குடும்பம் மறந்துபோன பங்காளிகளை இந்த எல்லைகள் காட்டிக்கொடுத்ததைப் பல முறை கண்டிருக்கிறேன்.

பெண்கள் இந்தக் காகிதங்களில் எளிதில் அகப்படமாட்டார்கள், அதனாலேயே அவர்களைத் தேடுவதில் இரட்டிப்பு அக்கறை காட்ட வேண்டும். கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989-இல்தான் சட்டமானது. அதற்கு முந்திய பாகப்பிரிவினைகளில் மகள்களின் பெயர் அரிதாகவே இருக்கும். ஆனால் 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, தந்தையின் தனிச் சொத்தில் தமக்குள்ள பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுத்து மகள்கள் எழுதிய விடுதலைப் பத்திரங்கள் ஏராளமாக உள்ளன. அவற்றில் அவர்களுடைய கணவர் பெயரும் புகுந்த ஊரும் இருக்கும். உரிமையை இழந்த காகிதமே அவர்கள் இருந்ததற்குச் சான்றாக மிஞ்சியிருப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. ஆயினும் அந்தப் பெயர்களை வம்சாவளி மரத்தில் அவர்களுக்குரிய இடத்தில் எழுதிவைக்க நம்மால் முடியும்.

இன்னும் பின்னே செல்ல விரும்புகிறவர்கள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம். முன்னோர்கள் மானிய நிலம் வைத்திருந்தால், அத்தகைய இனாம் நிலங்களை விசாரிக்க 1858-இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகள் மிகவும் பயன்படும். மானியம் முதலில் யாருக்குக் கிடைத்தது, விசாரணையின்போது அதை அனுபவித்தவர் யார் என்ற விவரங்கள் அவற்றில் உண்டு. கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருச்சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளே முதல் வாயில். பிறப்பு இறப்புப் பதிவைப் பொறுத்தவரை, சென்னை மாகாணத்துக்கென்று 1899-இல் தனிச் சட்டம் வந்தது. இருந்தும் குழந்தையின் பெயர் எழுதப்படாமல் ‘ஆண்’, ‘பெண்’ என்று மட்டும் இருக்கும் பதிவுகளுக்கு ஆயத்தமாக இருங்கள்.

இதைத் தொழிலாகக் கொள்ள எண்ணுகிறவர்கள் பழைய கையெழுத்தைப் படிக்கவும், பத்திர மொழியைப் புரிந்துகொள்ளவும், அலுவலக நடைமுறையைப் பொறுமையோடு கடக்கவும் முதலில் பழக வேண்டும். உள்ளூரில் வாரிசு விவகாரங்களுக்கு இந்தத் திறன் தேவைப்படுகிறது. அதைவிட, கடல் கடந்து சென்றவர்களின் சந்ததியினருக்குத் தேவைப்படுகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது முதல் 1911 வரை, ஏறத்தாழ 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகத் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குச் சென்றார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கப்பல் பட்டியல்களில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும், தந்தை பெயர், வயது, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவையும் இருக்கின்றன. 1903 முதல் சென்னையிலிருந்து ஃபிஜிக்குச் சென்றவர்களின் குடியேற்றச் சீட்டுகளிலும் இவ்வாறே. மொரீஷியஸில் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனம் இத்தகைய ஆவணங்களைப் பாதுகாத்துவருகிறது. கங்காணி என்ற ஆள் சேர்ப்பவர் வழியாக மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இவ்வளவு தெளிவான சீட்டு கிடைப்பது கடினம். இலங்கையிலிருந்து 1964-ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்கள் என்றால் மண்டபம் முகாமில் பெற்ற குடும்ப அட்டையைத் தேடுங்கள்.

கப்பல் பட்டியலிலும் சீட்டிலும் உள்ள கிராமப் பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். அதை உரக்கப் படித்து, அதே ஒலி தரும் ஊர்களை அக்காலத்துத் தாலுகாவின் கிராமப் பட்டியலில் குறித்துக்கொள்ள வேண்டும். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு போன்ற பழைய ஜில்லாக்கள் இன்று பல மாவட்டங்களாகப் பிரிந்துவிட்டதால் இன்றைய வரைபடத்தை மட்டும் நம்பலாகாது. ஒன்றுக்கு மேற்பட்ட ஊர்கள் பொருந்தினால் எல்லாவற்றுக்கும் நேரில் சென்று, குலதெய்வக் கோயிலில் வரி கொடுக்கும் தலைக்கட்டுகளில், அதாவது குடும்பங்களில், அந்தப் பெயர் வழங்குகிறதா என்று பெரியவர்களிடம் விசாரியுங்கள். உறுதியாகும் வரை, தேடி வந்தவரிடம் ‘இதுதான் உங்கள் ஊர்’ என்று சொல்லாதீர்கள்.