பைன்புக் ப்ரோ மடிக்கணினி: ஆர்ம்பியன் லினக்ஸ் போட்டபின் பூட் ஆகாவிட்டால்

பவர் விளக்கு எரிகிறது, திரை கறுப்பு. எஸ்டி கார்டைச் செருகினாலும் அசையவில்லை. இதிலுள்ள ஆர்கே3399 சிப்பின் பூட் ரோம் (பவர் வந்ததும் முதலில் ஓடும் நிரல்) முதலில் எஸ்பிஐ என்ற குட்டி நினைவகம், அடுத்து இஎம்எம்சி என்ற உள்சேமிப்பு, கடைசியில்தான் எஸ்டி என்று தேடும். இஎம்எம்சியில் கெட்டுப்போன யூ-பூட் (லினக்ஸை ஏற்றும் நிரல்) கிடந்தால் கார்டுக்கு முறையே வராது.

அடிமூடியைக் கழற்றியே ஆகவேண்டும். முன் ஓரத்துத் திருகுகள் குட்டை, மற்றவை நீளம். கலந்துவிடாமல் தனித்தனியாக வையுங்கள். உள்ளே இஎம்எம்சிக்கென்று ஒரு குட்டி சுவிட்ச் உண்டு. அதை அணைத்ததும் கார்டிலிருந்து பூட் ஆனது. லினக்ஸ் எழுந்தபின் சுவிட்சைத் திரும்பப் போட்டு, அதை இயக்கும் எஸ்டிஎச்சிஐ-அரசான் டிரைவரை அன்பைண்ட், பைண்ட் (கழற்றி மீண்டும் இணைப்பது) செய்தேன், இஎம்எம்சி தென்பட்டது. எது இஎம்எம்சி என்று குழம்பவேண்டாம்: சேமிப்புகளைக் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையின் பட்டியலில் பூட்0, பூட்1 என்ற வால்கள் அதற்கு மட்டும்தான்.

பிறகு டிடி கட்டளையில் ஐடிபிலோடரை (யூ-பூட்டுக்கு முன் ஓடும் சிறு நிரல்) இஎம்எம்சியின் 64ஆவது செக்டரிலும் யூ-பூட்டை 16384ஆவதிலும் எழுதினேன். பார்ட்டிஷனை நீங்களே பிரித்தால் கவனம். வழக்கமான 2048ஆவது செக்டரில் தொடங்கினால் யூ-பூட் உங்கள் கோப்புகள் மேலேயே ஏறி உட்காரும். 32768இல் தொடங்குங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் சாயங்கால இடிமழைக்குக் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பேட்டரி பாதிக்குக் கீழே இருந்தால் எழுதவே வேண்டாம். தோட்டத்து இணைய லைனில் இறக்கிய இமேஜையும் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டே கார்டில் ஏற்றுங்கள். விட்டுவிட்டு வரும் லைனில் பாதி இமேஜ்தான் வந்திருக்கும், கடைசியில் கார்டைத் திட்டிக்கொண்டிருப்போம்.