ரூம் ஆட்டோமேஷன்ல டிரிகர் வைக்கும்போது பண்ணக்கூடாத தப்புகள்

வீட்டுச் சாதனங்களைத் தானா இயக்குற ஹோம் அசிஸ்டன்ட் சாஃப்ட்வேர்ல லைட், ஃபேன், ஏசி எல்லாத்தையும் சேர்த்தாச்சு, இனி ஆட்டோமேஷன் எழுத வேண்டியதுதான்னு உக்காரும்போது ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கங்க. டிரிகர்ங்கறது ஏதோ ஒண்ணு மாறுற அந்த நொடி. ரூம் இப்போ எப்படி இருக்குன்னு பாக்குறது கண்டிஷனோட வேலை. இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் பாதி பிரச்சனை ஆரம்பிக்குது.

ஏசியையே எடுத்துக்கங்க. 28 டிகிரிக்கு மேல போனா ஏசி ஆன்னு டிரிகர், ரூம்ல ஆள் இருக்கணும்னு கண்டிஷன். பாத்தா சரியாத்தான் தெரியும். மத்தியானம் 2 மணிக்கு 28ஐத் தாண்டுது, அப்போ ரூம்ல யாரும் இல்ல, அதனால ஏசி போடல. 4 மணிக்கு நீங்க வேர்த்துக் கொட்டிக்கிட்டு உள்ள வர்றீங்க, ரூம் 31ல இருக்கு, ஏசி அப்பவும் சும்மாவே இருக்கும், ஏன்னா 28ஐத் தாண்டுற நேரம் எப்பவோ முடிஞ்சு போச்சு, இனி 31 போய் 32 ஆனாலும் அந்த டிரிகர் அசையாது. உடனே சென்சார் போச்சுன்னு பேட்டரிய மாத்தாதீங்க. சூடு 28ஐத் தாண்டுறது ஒரு டிரிகர், ஆள் உள்ள வர்றது இன்னொரு டிரிகர்னு ரெண்டு வைங்க, அதே ரெண்டையும் கண்டிஷன்லயும் போடுங்க. எது முதல்ல நடந்தாலும் வேலை நடக்கும். ஆஃப் பண்றதுக்கும் அதே 28ஐ வைக்காதீங்க, 26 மாதிரி கொஞ்சம் தள்ளி வைங்க, இல்லன்னா 27.9க்கும் 28.1க்கும் நடுவுல ஏசி ஆன் ஆஃப் ஆன் ஆஃப்னு கெடந்து அடிச்சுக்கும்.

அடுத்தது லைட் ஆஃப் ஆகுறது. எங்க வீட்ல மோஷன் வந்தா லைட் ஆன், 10 நிமிஷம் டிலே, அப்புறம் ஆஃப்னு ஒரே ஆட்டோமேஷனா எழுதியிருந்தேன். அப்பா பேப்பர் படிச்சிட்டிருக்கும்போது திடீர்னு இருட்டாயிடும், அவரு பேப்பரைத் தலைக்கு மேல தூக்கி ஆட்டுவாரு, லைட் வரும், மறுபடி பத்து நிமிஷத்துல போயிடும். காரணம் மோட், அதாவது ஆட்டோமேஷன் ஓடிட்டிருக்கும்போதே டிரிகர் மறுபடி வந்தா என்ன பண்ணணும்ங்கற செட்டிங். அது தானாவே சிங்கிள்ல இருக்கும், டிலே ஓடிட்டிருக்கும்போது வர்ற புது மோஷனைக் கண்டுக்காது. புது மோஷன் வந்தா டிலேய முதல்ல இருந்து எண்ணுற ரீஸ்டார்ட் மோடுக்கு மாத்துங்க, இல்லன்னா மோஷன் 10 நிமிஷம் ஆஃப்லயே இருந்தா லைட் ஆஃப்னு தனியா ஒண்ணு எழுதுங்க, எனக்கு இதுதான் நம்பிக்கை. ஆனா இந்தப் பத்து நிமிஷக் கணக்கு, ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆனா அழிஞ்சிடும், லைட் விடிய விடிய எரியும். அதனால சிஸ்டம் ஸ்டார்ட் ஆகுறதையும் ஒரு டிரிகரா போட்டு, ஆள் இல்லன்னா ஆஃப்னு வைங்க.

சாதாரண மோஷன் சென்சாரான பிஐஆர் சென்சார் அசையுற சூட்டைத்தான் பாக்கும், சிலை மாதிரி உக்காந்து படிக்கிறவங்க அதுக்குத் தெரிய மாட்டாங்க. அதுக்காக ரேடார் சென்சார் வாங்குனா அது சுத்துற சீலிங் ஃபேனையும் ஆடுற ஸ்க்ரீனையும் ஆளுன்னு நினைச்சுக்கும், ஃபேன் பக்கம் பாக்காத மாதிரி மாட்டி, சென்சிட்டிவிட்டியக் கொறைச்சுப் பாருங்க.

கரண்ட் போய் வர்ற ஊர்ல இருக்கவங்க இதைக் கண்டிப்பா பாக்கணும். கரண்ட் வந்ததும் சென்சார் அன்அவைலபிள்ல (தொடர்பு இல்லாத நிலை) இருந்து ஆன்னு மாறும், ஆன் ஆனான்னு மட்டும் எழுதியிருந்தா அதுவே டிரிகர் ஆயிடும். ஆஃப்ல இருந்து ஆன் ஆனான்னு முழுசா எழுதுங்க. பல்போட பவர்-ஆன் செட்டிங்கையும் பாத்துடுங்க, நிறைய பல்பு கரண்ட் வந்ததும் தானாவே ஃபுல் வெளிச்சத்துல எரியும், கொழந்தை தூங்குற ரூம்ல ராத்திரி 2 மணிக்கு அது எவ்வளவு கொடுமைன்னு அனுபவிச்சவங்களுக்குத் தெரியும்.

எழுதி முடிச்சதும் ரன் பட்டனை அழுத்தி, லைட் எரியுது, ஓகேன்னு எந்திரிச்சுப் போயிடாதீங்க. அந்த பட்டன் டிரிகரையும் கண்டிஷனையும் தாண்டிப் போய் ஆக்‌ஷனை மட்டும்தான் ஓட்டும். நிஜமாவே ரூமுக்குள்ள நடந்து போங்க, அப்புறம் ஆட்டோமேஷன் ஒவ்வொரு படியா எப்படி ஓடுச்சுன்னு காட்டுற டிரேஸைத் திறந்து எந்த இடத்துல நின்னுச்சுன்னு பாருங்க. கடைசி 5 தடவை ஓடுனது மட்டும்தான் அதுல இருக்கும், மோஷன் சென்சாருக்கு அது அரை மணி நேரத்துல தீந்துடும், அதனால ஆட்டோமேஷனை எழுத்தா எடிட் பண்ற யாமல்ல (YAML) ஸ்டோர்டு டிரேஸஸை (stored_traces) 20ஆ ஏத்தி வச்சுக்கங்க.